"இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்னும் பழைய புகார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோர், ஆசிரியர், கல்லூரி மாணவர் என்று யாரோடு பேசினாலும் ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: இளைய தலைமுறை கெட்டுப்போய்விட்டதா? திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. பெரியவர்கள் எந்தக் காலத்திலிருந்து இப்படிப் புலம்புகிறார்கள்?

எழுதப் பழகிய காலத்திலிருந்தே என்று சொல்லிவிடலாம். சுமேரியக் களிமண் பலகைகளில் ஓர் உரையாடல் இருக்கிறது. அந்தப் பலகைகளுக்கு ஏறத்தாழ 3,700 வயது. எழுத்தராக இருக்கும் தந்தை மகனிடம் "எங்கே போனாய்?" என்கிறார். "எங்கும் போகவில்லை" என்கிறான் மகன். "எங்கும் போகாதவன் ஏன் வெட்டியாகத் திரிகிறாய்? பள்ளிக்கூடத்துக்குப் போ" என்று தொடங்கும் திட்டு நீண்டுகொண்டே போகிறது. உன்னை நாணல் சுமக்க வைத்தேனா, வயலை உழ அனுப்பினேனா, மற்றவர்களின் பிள்ளைகளைப் பார் என்றெல்லாம் வருகிறது.

ஆனால் அது ஒரு தகப்பன் தன் ஒரு மகனிடம் பட்ட வருத்தம். "இந்தத் தலைமுறையே சரியில்லை" என்ற புகார் வேறு வகை. அதன் பழைய தடயங்களில் ஒன்று கிரேக்கக் கவிஞர் ஹீசியடிடம் இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 700இல், மனித இனம் பொற்காலத்திலிருந்து படிப்படியாக இறங்கி இரும்புக் காலத்துக்கு வந்துவிட்டது என்றும், வயதான பெற்றோரைப் பிள்ளைகள் அவமதிக்கும் நாள் வரும் என்றும் அவர் பாடினார். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். பின்னால் வரும் பதில்களில் இது உதவும்.

2. சாக்ரடீஸே சொல்லியிருக்காரே, "இன்றைய பிள்ளைகள் சொகுசை விரும்புகிறார்கள், மரியாதை தெரியாதவர்கள்" என்று?

அவர் சொல்லவில்லை. 1907இல் வெளியான ஒரு நூலில் கென்னத் ஜான் ஃப்ரீமன் என்ற கேம்பிரிட்ஜ் ஆய்வாளர், பழைய கிரேக்கத்தில் இளைஞர்கள்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளைத் தன் சொற்களில் தொகுத்து எழுதினார். அந்தத் தொகுப்புத்தான் கொஞ்சம் கொஞ்சமாக உருமாறி, பின்னால் சாக்ரடீஸ் பெயரில் ஒட்டிக்கொண்டது. சாக்ரடீஸ் தானாக எதையும் எழுதிவைத்தவரும் அல்லர். கி.மு. 399இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோது இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பது. இளைஞர்களோடு சேர்ந்து பழிசுமந்து உயிரையே விட்ட மனிதரின் வாயில் இந்த வசனத்தைத் திணிப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இதே மாதிரி இன்னும் சில உலவுகின்றன. "கி.மு. 2800இன் அசீரியப் பலகையில், பிள்ளைகள் பெற்றோர் சொல் கேட்பதில்லை, உலகம் அழியப்போகிறது என்று எழுதியிருக்கிறது" என்பார்கள். அசீரியப் பேரரசு உருவானதே அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். "துறவி பீட்டர் 1274இல் ஆற்றிய உரை" என்று ஒன்று வரும். முதல் சிலுவைப்போர்க் காலத்தவரான அந்தப் பீட்டர் இறந்தது 1115இல். ஹீசியட் பெயரில் சுற்றும் "இன்றைய அற்ப இளைஞர்களை நம்பினால் எதிர்காலமே இல்லை" என்ற வரி அவருடைய பாடல்களில் எங்கும் கிடையாது. அவர் உண்மையில் பாடியது முதல் பதிலில் இருக்கிறது.

3. அப்போ நிஜமாகவே யாரும் சொல்லவில்லையா?

சொன்னார்கள், நிறையவே. போலி மேற்கோளுக்கு அவசியமே இல்லாத அளவு. கி.மு. 423இல் அரங்கேறிய 'மேகங்கள்' நாடகத்தில் அரிஸ்டோஃபனீஸ் பழைய கல்விக்கும் புதிய கல்விக்கும் நேருக்கு நேர் வாதம் வைக்கிறார். அந்தக் காலத்துப் பையன்கள் வாய் திறக்காமல், பனி கொட்டினாலும் மேலாடை இல்லாமல், வரிசையாக நடந்து இசை ஆசிரியரிடம் போவார்களாம். இப்போதைய பையன்கள் போர்த்திக்கொண்டு திரிகிறார்களாம். அந்த நாடகத்தில் இளைஞர்களைக் கெடுப்பவராகக் காட்டப்படுபவர் சாக்ரடீஸ்தான். பிளேட்டோவின் 'குடியரசு' எட்டாம் பகுதியில், கட்டற்ற ஜனநாயகத்தில் ஆசிரியர் மாணவருக்குப் பயந்து அவரைக் குளிர்விக்கிறார், மாணவர் ஆசிரியரை மதிப்பதில்லை என்ற வருணனை வருகிறது.

ரோமானியர்கள் இதில் இன்னும் தீவிரம். மூத்த செனகா, இளைஞர்களின் மூளை சோம்பலில் கிடக்கிறது, ஆட்டமும் பாட்டும்தான் அவர்களைப் பிடித்திருக்கிறது என்று எழுதினார். டாசிட்டஸின் உரையாடல் ஒன்றில் பேச்சுக்கலை நலிந்ததற்கு, பெற்றோர் கவனிக்காமல் விட்டதும் பிள்ளைகள் நடிகர், கிளாடியேட்டர், குதிரை என்றே பேசிக்கொண்டிருப்பதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

எனக்கு இவர்களில் மிகவும் பிடித்தவர் ஹொரேஸ். நம் பாட்டன்மாரைவிடத் தந்தையர் மோசம், அவர்களைவிட நாம் மோசம், நம் பிள்ளைகள் இன்னும் மோசமாக இருப்பார்கள் என்று ஒரு பாடலில் பாடியவரும் அவர்தான். தான் சிறுவனாக இருந்த காலத்தையே புகழ்ந்து இளையவர்களைக் கண்டித்துக்கொண்டே இருப்பவர் என்று கிழவர்களின் இயல்பைப் பிறகு ஒரு கவிதையில் எழுதியவரும் அவர்தான். ஒரே மனிதருக்குள் இரண்டு பார்வையும் இருக்க முடிகிறது.

4. இது மேற்கத்தியர் பழக்கம் இல்லையா? கிழக்கில் அப்படி இருந்திருக்காதே?

இருந்தது. சீனச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் (இறப்பு கி.மு. 233) எழுதிய ஒரு கட்டுரையில், பெற்றோர் கோபித்தாலும் ஊரார் கண்டித்தாலும் ஆசிரியர் போதித்தாலும் திருந்தாத பையன் வருகிறான். அதே கட்டுரையில் பழங்காலத்தையே அளவுகோலாக வைப்பவர்களையும் ஹான் ஃபெய் சாடுகிறார். ஜப்பானியத் துறவி கென்கோ 1330 வாக்கில், எதிலும் மனம் பழமையைத்தான் நாடுகிறது, இப்போதைய பாணிகள் தரம் இறங்கிக்கொண்டே போகின்றன, பேச்சு வழக்குகூடக் கெட்டுவிட்டது என்று எழுதினார். மகாபாரத வனபர்வத்தில் மார்க்கண்டேயர் கலியுக முடிவை விவரிக்கும்போது பிள்ளைகள் தந்தையரை மதிக்காததும் அடையாளமாக வருகிறது.

புறநானூற்றின் 243ஆம் பாட்டை இதோடு சேர்த்துப் படியுங்கள். பூண் போட்ட கைத்தடியை ஊன்றி, இருமலுக்கு இடையே ஓரிரு சொல் பேசும் முதியவர், தான் மருத மரக்கிளையிலிருந்து ஆழமான மடுவில் துடும் எனக் குதித்து, அடிமணலை அள்ளிக் காட்டிய நாளை நினைத்து ஏங்குகிறார். அந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்கிறார். இன்றைய இளைஞர்களுக்குக் குதிக்கத் தெரியவில்லை என்று அவர் சொல்லவில்லை. இழப்பைத் தன்னுடைய இழப்பாகவே சொல்கிறார். இந்த நேர்மைதான் மற்றவர்களிடம் காணாமல் போகிறது.

5. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட மோசம் என்றால், இந்நேரம் நாம் குகைக்கே திரும்பியிருக்க வேண்டாமா?

ஆமாம், ஹொரேஸ் சொன்ன மாதிரி இறக்கம் தொடர்ந்திருந்தால் இரண்டாயிரம் ஆண்டில் எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனால் இந்த வாதம் முழுப் புகாரையும் தள்ளுபடி செய்துவிடாது. இடைவிடாத சரிவு இல்லை என்பதை மட்டுமே இது காட்டும். குறிப்பிட்ட ஒரு காலத்தில் குறிப்பிட்ட ஒன்று சரியலாம். 10ஆம் கேள்வியில் அதற்கு வருவோம்.

6. அப்போ பெரியவங்க பொய் சொல்றாங்களா? அவங்களுக்கு ஏன் அப்படித் தோணுது?

பொய் இல்லை. அவர்களுக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றுகிறது. ஜான் புரோட்ஸ்கோ, ஜொனாதன் ஸ்கூலர் என்ற இரு உளவியலாளர்கள் 2019இல் அமெரிக்கப் பெரியவர்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். அதிகாரத்தை மிகவும் மதிப்பவர்கள் "இளைஞர்களுக்கு மரியாதை இல்லை" என்றார்கள். நிறைய வாசிப்பவர்கள் "இளைஞர்கள் வாசிப்பதில்லை" என்றார்கள். அறிவுத் தேர்வில் சிறந்தவர்கள் "இளைஞர்களுக்கு அறிவு குறைகிறது" என்றார்கள். அதாவது எந்த விஷயத்தில் நாம் தேறியிருக்கிறோமோ, அந்த விஷயத்தில்தான் இளையவர்களின் குறை நம் கண்ணில் குத்துகிறது.

காரணம் நினைவு வேலை செய்யும் விதம். இருபது வயதில் நாம் எப்படி இருந்தோம் என்பதை அப்படியே எடுத்துப் பார்க்கும் வசதி மனத்துக்கு இல்லை. இன்றைய நம்மையே அந்தக் காலத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். நாற்பது ஆண்டுகளாக வாசித்துத் தேறிய ஒருவர், தானும் தன் நண்பர்களும் பதினைந்து வயதிலேயே இப்படித்தான் வாசித்தோம் என்று நம்புகிறார். பிறகு அந்தக் கற்பனைச் சிறுவனை எதிரே நிற்கும் உண்மைச் சிறுவனோடு ஒப்பிடுகிறார். அதே ஆய்வில், உங்கள் வாசிப்புத் திறன் அவ்வளவு இல்லை என்று சிலரிடம் வேண்டுமென்றே சொல்லப்பட்டது. அவர்கள் இளைஞர்களை முன்பு போலக் கடுமையாக மதிப்பிடவில்லை.

2023இல் ஆடம் மாஸ்டிரோயானியும் டேனியல் கில்பர்ட்டும் இன்னும் பெரிய படத்தைக் காட்டினார்கள். குறைந்தது 60 நாடுகளில், குறைந்தது 70 ஆண்டுகளாக, ஒழுக்கம் சரிகிறது என்று மக்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். ஆனால் சுற்றியிருப்பவர்கள் உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேட்டால், அந்தப் பதில்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறவில்லை. கெட்ட செய்திதான் அதிகம் காதில் விழுகிறது. பழைய கசப்போ நல்ல நினைவைவிடச் சீக்கிரம் மங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் கடந்த காலம் பளிச்சென்றும் நிகழ்காலம் இருட்டாகவும் தெரியும் என்பது அவர்களுடைய விளக்கம்.

7. இளம் வயசோட குணம் எது, இந்தத் தலைமுறையோட குணம் எது? எப்படிப் பிரிக்கிறது?

மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. ஒன்று வயது. பதினாறு வயதினர் எந்த நூற்றாண்டிலும் அவசரக்காரர்களாகத்தான் இருப்பார்கள். இரண்டாவது காலம். ஒரு போரோ பொருளாதாரச் சரிவோ வந்தால் கிழவர் முதல் குழந்தை வரை எல்லோரையும் மாற்றும். மூன்றாவதுதான் தலைமுறை: ஒரே காலத்தில் பிறந்து வளர்ந்ததால் மட்டும் வந்து, வயதானாலும் கூடவே இருக்கும் குணம். பதினாறு வயதினரை ஐம்பது வயதினரோடு ஒப்பிட்டால் இந்த மூன்றையும் பிரிக்கவே முடியாது. இன்றைய பதினாறு வயதினரை முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பதினாறு வயதினரோடு, அதே கேள்வி, அதே அளவுகோல் வைத்து ஒப்பிட வேண்டும்.

அரிஸ்டாட்டில் இதைக் கவனமாகச் செய்தார். இளைஞர்கள் ஆசை மிகுந்தவர்கள், மனம் மாறுபவர்கள், எல்லாம் தெரியும் என்று நினைப்பவர்கள், ஆனால் நம்பிக்கையும் துணிவும் உள்ளவர்கள் என்றார். முதியவர்கள் சந்தேகப்படுபவர்கள், நினைவில் வாழ்பவர்கள் என்றார். இரண்டையும் வயதின் இயல்பாகத்தான் எழுதினார், காலம் கெட்டதாக அல்ல.

மில்லெனியல், ஜென் ஸீ போன்று தலைமுறைகளுக்கு ஒட்டும் பெயர்களை நான் முடிந்தவரை தவிர்க்கிறேன். இந்தப் பெயர்களை அதிகம் புழங்கவிட்ட பியூ ஆய்வு மையமே, அவற்றைக் குறைத்துக்கொள்வதாக 2023இல் அறிவித்தது. 1951இல் டைம் இதழ் அன்றைய அமெரிக்க இளைஞர்களைப் பற்றி வைத்த குறை என்ன தெரியுமா? வாயே திறப்பதில்லை என்பது. 'மௌனத் தலைமுறை' என்ற பெயர் அப்படித்தான் பரவியது. அடுத்து வந்த இளைஞர்கள் தெருவில் இறங்கிப் போராடியபோது, அதிகம் சத்தம் போடுகிறார்கள் என்றார்கள்.

8. புதுசா ஏதாவது வந்தாலே பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று ஏன் பயப்படுகிறோம்?

புதிய பொருளைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குழந்தை இருந்தால் பயம் வருவது இயற்கை. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் பட்டியலைப் பாருங்கள். எழுத்து வந்தால் நினைவாற்றல் அழியும் என்ற வாதம் பிளேட்டோவின் 'ஃபீட்ரஸ்' உரையாடலிலேயே இருக்கிறது. 1774இல் வெளியான, ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் வெர்தர் நாவலைப் படித்து இளைஞர்கள் தற்கொலை செய்துகொள்வார்கள் என்று அஞ்சி, 1775இல் லைப்ஸிக் நகரம் நாவலையும் நாயகன் பாணி உடையையும் சேர்த்துத் தடை செய்தது. 1816இல் லண்டன் டைம்ஸ் வால்ட்ஸ் நடனத்தைக் கண்டித்தது. 1859இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ் சதுரங்கத்தைக்கூட மூளையை வீணாக்கும் தாழ்ந்த பொழுதுபோக்கு என்றது. அன்று ஆபத்தாகத் தெரிந்த நாவலையும் சதுரங்கத்தையும்தான் இன்று பிள்ளைகளிடம் நாமே கொடுத்துக் கெஞ்சுகிறோம்.

9. புலம்புவதால் யாருக்கு என்ன நஷ்டம்? பெரியவர்கள் பேசிவிட்டுப் போகட்டுமே?

வீட்டுத் திண்ணையோடு நின்றால் நஷ்டமில்லை. அது சட்டமாகும்போதுதான் விபரீதம். 1995இல் அமெரிக்க அரசியல் அறிஞர் ஜான் டிஇயூலியோ, ஈவிரக்கமற்ற இளம் குற்றவாளிகளின் அலை ஒன்று வரப்போகிறது என்று எச்சரித்து, அவர்களுக்கு 'சூப்பர் பிரிடேட்டர்' (கொடிய வேட்டைமிருகம்) என்று பெயரிட்டார். சிறார்களைப் பெரியவர்களாகக் கருதி விசாரிக்கும் சட்டங்கள் அந்தப் பத்தாண்டில் பல மாநிலங்களில் கடுமையாக்கப்பட்டன. அந்த அலை வரவே இல்லை. சிறார் வன்குற்றக் கைதுகள் 1994இல் உச்சம் தொட்டு, அவர் எச்சரித்த நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிட்டன. தன் கணிப்பு தவறு என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். 2012இல், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பரோலுக்கே வழியில்லாத கட்டாய ஆயுள் தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், கணிப்பு பொய்த்ததைச் சொல்லும் மனுவில் அவரும் கையெழுத்திட்டிருந்தார். இடையில் சிறைக்குள் போன பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுகள் திரும்ப வராது.

காமிக்ஸ் கதையும் உண்டு. 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம், காமிக்ஸ் படிப்பதால் சிறுவர்கள் குற்றவாளிகளாகிறார்கள் என்று புத்தகம் எழுதினார். அமெரிக்க செனட் விசாரணை நடந்தது, பதிப்பாளர்கள் தணிக்கை விதிகளை ஏற்றார்கள். கரோல் டில்லி என்ற ஆய்வாளர் வெர்தமின் கோப்புகளைத் திறந்து பார்த்து, சிறுவர்களின் வாக்குமூலங்களை அவர் திரித்திருந்ததை 2012இல் வெளிக்கொண்டுவந்தார்.

10. எல்லாக் காலத்திலும் சொன்னார்கள் என்பதால், இப்போது சொல்வது பொய் என்று ஆகிவிடுமா?

ஆகாது. இந்தப் பக்கத்திலேயே நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். "சாக்ரடீஸ் காலத்திலிருந்தே இப்படித்தான்" என்று சிரித்து ஒதுக்குவதும், "எல்லாம் போச்சு" என்று கையை உதறுவதும் ஒரே சோம்பல். இரண்டிலும் யாரும் எதையும் அளந்து பார்ப்பதில்லை.

அளந்து பார்த்தால் கலவையாக வருகிறது. பொறுமையை எடுத்துக்கொள்வோம். இப்போதே ஒரு மிட்டாய், காத்திருந்தால் இரண்டு என்ற புகழ்பெற்ற சோதனையில், 1960களின் குழந்தைகளைவிட 2000களின் அமெரிக்கக் குழந்தைகள் சராசரியாக 2 நிமிடம் அதிகம் காத்திருந்தார்கள் என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. கருத்துக் கேட்கப்பட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் எதிர்பார்த்தது நேர் எதிர். 1997இல் அமெரிக்கப் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தினமும் புகைத்தார். 2018இல் அது இருபதில் ஒருவருக்கும் குறைவு.

அதே சமயம் 13 வயது அமெரிக்கச் சிறுவர்களில் ஆசைக்காக ஏறத்தாழ தினமும் வாசிப்பவர்கள் 2012இல் 27 சதவீதம், 2023இல் 14 சதவீதம். உலகில் பள்ளி செல்லும் வளரிளம் பருவத்தினரில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பல நாடுகளில் சிறுவர்களின் நீண்டதூர ஓட்டத் திறன் 1975 வாக்கிலிருந்து இறங்கியிருக்கிறது. நார்வேயில் 1975க்குப் பின் பிறந்த ஆண்களின் அறிவுத்திறன் மதிப்பெண் சரிந்தது. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்கிடையிலும் அந்தச் சரிவு தெரிந்ததால் காரணம் பரம்பரையில் இல்லை, சூழலில் இருக்கிறது என்று 2018இல் கண்டார்கள். இவை கவலைப்பட வேண்டிய செய்திகள். எல்லாவற்றுக்கும் புலம்பினால் இவை அந்தப் புலம்பலுக்குள்ளேயே புதைந்துபோகும் என்பதுதான் என் வருத்தம்.

11. சரி, ஃபோன் விஷயத்தில் யார் சொல்வது சரி?

2012ஐ ஒட்டி அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளில் பதின்வயதினரின், குறிப்பாகப் பெண் பிள்ளைகளின், மனச்சோர்வு அளவீடுகள் ஏறின. ஸ்மார்ட்ஃபோனும் சமூக ஊடகமும்தான் முக்கியக் காரணம் என்று அமெரிக்கச் சமூக உளவியலாளர் ஜொனாதன் ஹைட் 2024இல் வாதிட்டார். 2019இல் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் பெரிய தரவுகளை அலசி, பதின்வயதினரின் மனநலனில் உள்ள வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் திரைப் பயன்பாடு விளக்குகிறது என்றிருந்தார்கள். சராசரி சிறிதாக இருந்தாலும், தூக்கம் கெட்டவர்களுக்கோ இணையக் கொடுமைக்கு ஆளானவர்களுக்கோ பாதிப்பு பெரிதாக இருக்கலாம்.

என் பார்வை இது: இரவில் படுக்கையிலிருந்து ஃபோனை எடுத்துவைக்க இந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த விதி வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் சேர்த்து இருக்க வேண்டும்.

12. இளைஞர்கள் பக்கம் நின்ற பெரியவர்களே கிடையாதா?

உண்டு. கன்பூசியஸ், இளையவர்களை மரியாதையோடு பார்க்க வேண்டும், அவர்கள் இன்றைய நமக்கு ஈடாக மாட்டார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். இளைய செனகா 97ஆம் கடிதத்தில், ஆடம்பரமும் ஒழுக்கக்கேடும் நம் காலத்தின் குற்றம் என்று நினைப்பது தவறு, அவை மனிதர்களின் குற்றங்கள், காலத்தின் குற்றங்கள் அல்ல என்று எழுதினார். 3ஆம் கேள்வியில் வந்த மூத்த செனகாவின் மகன் இவர்.

வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். "தம்மின்தம் மக்கள் அறிவுடைமை மாநிலத்து மன்னுயிர்க் கெல்லாம் இனிது." பிள்ளைகள் தம்மைவிட அறிவுடையவர்களாக இருப்பது தமக்கு மட்டுமல்ல, உலகத்துக்கே மகிழ்ச்சி என்கிறார்.

13. தாத்தா "எங்க காலத்துல..." என்று ஆரம்பித்தால் என்ன பதில் சொல்வது?

ஆய்வு முடிவுகளை அடுக்காதீர்கள். பெரும்பாலும் அவர் பேசுவது உங்களைப் பற்றி அல்ல, 243ஆம் புறப்பாட்டு முதியவரைப் போல இழந்த எதையோ பற்றி. "அப்போ உங்களுக்கு என்ன வயசு தாத்தா? உங்க அப்பா உங்களை என்ன சொல்லித் திட்டுவார்?" என்று கேளுங்கள். பேச்சின் திசையே மாறிவிடும். அவர் சொல்வதில் ஒரு குறிப்பான குறை இருந்தால், அதை மட்டும் நேர்மையாக யோசியுங்கள்.

14. என் மகனிடம் உண்மையிலேயே ஒரு குறை தெரிகிறது. தலைமுறையைத் திட்டுவதுபோல ஆகாமல் எப்படிச் சொல்வது?

"நீங்கல்லாம்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். முதல் பதிலில் பிரித்த இரண்டு வகையில், சொந்த மகனிடம் சொந்த வருத்தத்தைச் சொல்வதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுப் பையனையும் உங்கள் இளமையையும் சாட்சிக்கு இழுக்காதீர்கள். 6ஆம் பதிலில் பார்த்தபடி அந்த இரண்டாவது சாட்சி நம்பத் தகுந்ததும் அல்ல. நடந்த ஒரு செயலைச் சொல்லுங்கள்: "நேற்று பாட்டி கூப்பிட்டபோது நீ திரும்பிப் பார்க்கவில்லை." அவன் மறுக்கவோ விளக்கவோ வருந்தவோ அதில் இடம் இருக்கிறது. "உங்க தலைமுறைக்கே மரியாதை கிடையாது" என்று சொன்னால், கோடிக்கணக்கானவர்களுக்காக அவன் எப்படிப் பதில் சொல்வான்? சொல்லி முடித்ததும் அவன் பேசட்டும். பதில் உடனே வராவிட்டால், மறுநாள் திரும்பக் கேட்கலாம்.